மூலையில் ஒரு சிவப்புக் கோடு

போர்த்துகீசிய ஊரான மரீன்யா கிராண்டியில், பிளாஸ்டிக் வார்க்கிற அச்சுகளைச் செய்யும் மோல்டு பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் இருபத்தாறு வருடமாக மில்லிங் மெஷினுக்கு புரோகிராம் போடுகிறவள் கிராசியெட். மெஷினின் கட்டர் மேலிருந்துதான் இறங்கும். மோல்டின் சுவர் ஓர் இழை உள்வாங்கிப் போயிருந்தாலும் அந்த இடத்தை அதனால் தொட முடியாது. அதற்குப் பேர்தான் அண்டர்கட். கவனிக்காமல் விட்டால் வார்த்த பிளாஸ்டிக் மோல்டைவிட்டு வெளியே வராமல் சண்டித்தனம் பண்ணும்.

கம்ப்யூட்டர் அதைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாதே என்று எல்லாரும் அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். கிராசியெட் மட்டும் அந்த ஐந்தை ஒன்றாகக் குறைப்பாள்.

"நீ இப்படிச் சலிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றான் பக்கத்து மேசை அடெரித்து.

"மொதல்ல உனக்கு ஒரு பொண்ணு கெடைக்கட்டும். பேரன அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு காபி மெஷின் மூடியின் வரைபடம் வந்திருந்தது. நான்காவது மூலையில் மெல்லிய சிவப்புக் கோடு. நூறில் மூன்று. பார்த்ததும் இது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வார்த்தது சுலபமாகக் கழன்று வரச் சுவருக்குச் சரிவு கொடுத்துவிட்டுத்தான் எல்லாரும் மூலையை வளைவாக உருட்டுவார்கள். மாற்றிச் செய்தால்தான் மூலையில் இப்படிக் கோடு விழும். மூலையை முதலில் உருட்டிவிட்டு அப்புறம் சரிவைப் பற்றி யோசிக்கிற மகானுபாவன் உலகத்தில் ஒருத்தன்தான். வால்டெமார்! பதினைந்து வருடம் இதே அறையில் அவன் வரைந்தான். அவன் விட்ட கோடுகளையெல்லாம் முதலாளி காதுக்குப் போகாமல் இவளே சத்தமில்லாமல் சரிசெய்தாள். ஒருநாள் திரும்பிப் பார்ப்பான், ஏதாவது சொல்வான் என்று இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டான். சரி, அவன்தான் சொல்லவில்லை. இவள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

பதினோரு வருடம் ஆயிற்று. அவனாக இருந்தால் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள். இப்படிக் கோளாறு வந்தால் மெயில் போடுவதுதான் வழக்கம். அவள் வரைபடத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

எடுத்தது ஒரு பெண். பேர் சொலாஞ்ச். ஜெர்மனியிலேயே பிறந்தவளாம், ஆனாலும் போர்த்துகீசியம் சரளமாகப் பேசினாள். கிராசியெட் தன் பேரையும் கோட்டைப் பற்றியும் சொன்னதும் பதறினாள்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க கிராசியெட் மேடம்! நான்தான் வரைஞ்சேன். எங்க வால்டெமார் சார் கத்துக்கொடுத்த பழக்கம், போகவே மாட்டேங்குது."

கிராசியெட் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அவர் இருக்காரா? ஒரு நிமிஷம் பேசலாமா?"

"அவர் இங்க இல்லீங்களே. போன மார்ச்லயே வேலைய விட்டுட்டு ஊருக்கே திரும்பிப் போயிட்டார். கடற்கரையில ஒரு சின்ன வீடு, தனியாத்தான் இருக்கார். சாவ் பெத்ருன்னு சொன்னார். உங்க ஊர்ப் பக்கந்தானே?"

பக்கந்தான். பத்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் நடக்கப் போகிற கடற்கரை. மார்ச் போய் அடுத்த மார்ச்சும் வந்துவிட்டது.

"ஹலோ? அவர் நம்பர் தரட்டுமா?"

கிராசியெட் பேனாவை எடுத்தாள். எடுத்த பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"வேணாம்மா" என்றாள். "அவர்கிட்ட என் நம்பர் இருக்கு. நான் அத மாத்தவே இல்ல."