இலுப்பை மரத்து ஆர்க்கிட்

இதைப் படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்க வேண்டிய வயதில் வாங்காமல் தப்பித்தவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, சிதம்பரத்தில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டு, புவனகிரிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காட்டு ஆர்க்கிட். அதுவும் மலையில் இல்லை, எங்கள் சமவெளியில். "ஊட்டிக்குப் போவ வேண்டியவ உளுந்து வெளையுற ஊருக்கு வந்துட்டா" என்று அப்பா கிண்டல் செய்வார். சனிக்கிழமைதோறும் என்னை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு மாந்தோப்பு, முந்திரித் தோப்பு, ஏரிக்கரை என்று மரம் மரமாக அண்ணாந்து பார்ப்பாள். பார்த்ததெல்லாம் புல்லுருவியாக இருக்கும். புல்லுருவி மரத்துக்குள்ளேயே வேரை விட்டு உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், வேர் வெளியே கயிறு கயிறாகத் தொங்கும். இந்த வித்தியாசம் எனக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. திமிரும் கூடவே வந்துவிட்டது.

ஏனென்றால் கடைசியில் அதைக் கண்டுபிடித்தது நான்தான். எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டில், இலுப்பை மரத்தின் கவட்டையில் இருந்தது. "சித்தி, வேர் தொங்குது!" என்று கத்தினேன். சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஐயனார் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. காய்ந்து விழுந்த கிளைகூட அங்கேயேதான் மக்க வேண்டும். பூசாரி சித்தியிடம், "போட்டோ வேணா புடிச்சிக்கம்மா. ஒரு எலைய கிள்ளுனாலும் ஐயனாரு சும்மா வுட மாட்டாரு" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். கிள்ள அவளுக்கும் தேவையில்லை. பூ காயாகிறதா என்று அதே செடியை வாராவாரம் பார்த்து எழுத வேண்டும். எத்தனையோ தோப்பு அலைந்தும் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவளுடைய ஆய்வே அந்த ஒற்றைச் செடியை நம்பித்தான் இருந்தது.

பங்குனியில் பூத்தது. கைலியில் இருக்குமே, அந்த மாதிரி மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், நடுவில் ஊதா நாக்கு. வாசனை வேறு. நான் பள்ளிக்கூடத்தில் போய் மண்ணே இல்லாமல் மரத்து மேலே பூக்கிற பூ என்று அளந்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. "புளுவாதடி" என்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் பையோடு காட்டுக்குள் நுழைந்தேன். ஐயனாரின் மண்குதிரை முதுகில் ஏறி நின்றால் எட்டியது. பூத்தண்டை மட்டும் ஒடிக்கத்தான் நினைத்தேன். இழுத்த இழுப்பில் செடியே பட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா பூசாரியின் சைக்கிள் மணி கேட்க வேண்டும்! ஒரே ஓட்டமாக ஓடி, வழியிலிருந்த குட்டையில் ஆகாயத்தாமரைக்கு நடுவில் எல்லாவற்றையும் வீசிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கும் என்னைப் புளுகிணி என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் பூசாரி நாலு பேரோடு எங்கள் வாசலில் நின்றார். வாராவாரம் அந்த மரத்தில் ஏணி போட்டு ஏறியவள் யார், டேப் வைத்து அளந்தவள் யார்? சந்தேகம் வேறு யார் மேல் வரும்? செடி போய்விட்டது என்று கேட்டதும் சித்தி உடைந்து அழுதாள். அதையும், மாட்டிக்கொண்டதால் அழுகிறாள் என்றார்கள். ஐயனார் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார்கள். சித்தி தயங்கவே இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்து, "நான் பறிக்கல" என்றாள். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என் வாயில் கொழுக்கட்டை.

எட்டாம் நாள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடியில் ஸ்கூட்டி வழுக்கிச் சித்திக்குக் கால் முறிந்தது. வருஷா வருஷம் அந்த உளுந்தில் யாராவது விழத்தான் செய்வார்கள். ஊர் அதையெல்லாம் யோசிக்குமா? பொய்ச் சத்தியத்துக்கு ஐயனார் கொடுத்த கூலி என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் அம்மாவே கட்டிலோரம் உட்கார்ந்து, "உண்மைய சொல்லிடுடி, பரிகாரம் பண்ணிடலாம்" என்றாள். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடப் பிறந்தவளே அப்படிக் கேட்டது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சாமி எங்கள் வீட்டைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார், ஆள்தான் மாறிப்போய்விட்டது, அப்பாடா, இனிமேல் என்னைத் தேடி வர மாட்டார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்த சித்தி ஒருநாள் மத்தியானம் என் கையைப் பிடித்து, "நீயாவது என்னைய நம்புறியாடி?" என்று கேட்டாள்.

"நம்புறேன் சித்தி" என்றேன்.

அவ்வளவுதான், என்னை இழுத்து அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு ஏதோ பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

சித்தி ஆர்க்கிட்டை விட்டுவிட்டாள். பிச்சாவரத்து அலையாத்தி மரங்களைப் பற்றி ஏதோ எழுதிப் படிப்பை முடித்தாள். இப்போது கடலூரில் பள்ளி ஆசிரியை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் என் தோளில் கை போட்டுப் பக்கத்திலிருப்பவர்களிடம், "ஊரே என்னைய நம்பல. எங்கக்கா நம்பல. இவ ஒருத்திதான் நம்புனா" என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம்புவதெல்லாம் உண்மை தெரியாதவர்கள் செய்கிற காரியம். தெரிந்த எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமையே இல்லை என்பது அந்தப் பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.