நூற்றுப் பதினெட்டு

சோதனை முடிந்து முகத்திலிருந்து சுவாசக் கருவியைக் கழற்றியபோது அக்காவின் உதடுகள் வெளுத்திருந்தன. கன்னத்தில் ரப்பர் பட்டையின் தடம். மடியில் கிடந்த கைகள் தாமாக நடுங்கின. தண்ணீர்க் குவளையை நான்தான் வாயருகே பிடித்தேன். திரையில் இதயத் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. அதைப் பார்த்து ஆய்வக இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊர்ப் பக்கம், உடற்பயிற்சி ஆய்வகம் ஒன்றில் நான் ஆராய்ச்சி மாணவி. அக்கா எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் இருந்த மதுரைக்காரர். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ஹைவே விபத்தில் கழுத்துக்குச் சற்றுக் கீழே முதுகுத்தண்டு முறிந்து, கைகள் மட்டும் மிஞ்சின. அந்தக் கைகளால், சறுக்குக் கட்டைகள்மேல் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கோல்களை ஊன்றிப் பனியில் மைல் கணக்கில் போவார். பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களுக்கான பெரிய பயிற்சி முகாம் ஒன்றுக்கு அவரைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஆய்வகத்தின் அறிக்கை தேவைப்பட்டது.

இதயத்தை விரட்டும் நரம்புகள் தண்டுவடத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அங்கே முறிந்தவருக்கு, உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. இது அன்றைக்கே பாடப்புத்தகத்தில் இருந்தது. அவர் விரல் நுனியில் குத்தி நான் எடுத்த ரத்தத்தில், தசைகள் கடுமையாக உழைக்கும்போது சேரும் லாக்டேட் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தசைகள் எல்லையைத் தொட்டதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. துடிப்புக்கு மட்டும் கட்டம் இருந்தது, நடக்கிறவர்களின் கணக்குப்படி. "முழு முயற்சி செய்யவில்லை" என்று இயக்குநர் எழுதினார். நான் லாக்டேட் தாளை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. சோதனை செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

முகாமில் இடமில்லை என்ற முடிவோடு அறிக்கை கைக்கு வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது உன் சைன்தானே?"

"ஆமாக்கா."

"நான் ஏமாத்தினேனா? நீ பக்கத்துலதான இருந்த?"

லாக்டேட் தாளின் நகலை அன்றைக்கே அவரிடம் கொடுத்தேன். அதை வைத்து அப்பீல் பண்ணினார். பதில் வருவதற்குள் முகாம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அவருக்குத் தோள்பட்டை தேய்ந்து, டாக்டர் கோல்களைத் தொடக்கூடாது என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் இயக்குநர் பேசினார். மேலே முறிந்தவர்களின் இதயம் வேகம் எடுக்காது, அதை வைத்து முயற்சியை அளக்கக்கூடாது என்றார், தாமே கண்டுபிடித்தது போல. திரையில் 'ஏழாம் நபர்' என்று ஒரு வரைகோடு. நூற்றுப் பதினெட்டில் தட்டையாக நின்றது. பக்கத்தில் நான் எடுத்த லாக்டேட். கைதட்டினார்கள்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதெல்லாம் உனக்கு அப்பவே தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன் சைன் பண்ண?"

என் படிப்பும் விசாவும் அந்த மனிதரின் கையில் இருந்தன. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா காத்திருந்தார். பிறகு போனை வைத்துவிட்டார். இயக்குநர்மேல் எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. அதில் பாதி என்மேல்தான்.