வெட்டுக்கிளிப் படமும் முனுசாமியின் குல்லாவும்

1. எனக்குக் கொடுத்த வேலை

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவன் உதவி இயக்குநராகச் சேர்ந்தால் அவனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? எனக்கு வெட்டுக்கிளி பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. மனிதரைத் தின்னும் வெட்டுக்கிளிகள் ஒரு கிராமத்துக்குள் புகுந்துவிடுகின்றன என்பது கதை. படப்பிடிப்பு திருவண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையை ஒட்டி.

முதல் நாள் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைகளில் அலைந்து ஒரு துணிப்பை நிறையப் பிடித்து வந்தேன். ஆக்‌ஷன் சொல்லிப் பையைத் திறந்ததும் எல்லாம் எதிர்ப்பக்கம் குதித்துப் போய்விட்டன. நடிகர்கள் பயந்து ஓட வேண்டிய காட்சியில் யூனிட் முழுவதும் வெட்டுக்கிளிகளைத் துரத்திக்கொண்டு ஓடியது. மறுநாளிலிருந்து பனை ஓலையில் செய்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, தூண்டில் நரம்பில் கட்டி ஆட்டினோம். டைரக்டர் என்னிடம், "யோவ் ஜுவாலஜி, இன்னும் ஒரு ஷாட் உன்னால கெட்டுதுன்னா மெட்ராஸ் பஸ் ஏறிடு" என்றார்.

2. பயமா, சிரிப்பா

அது என்ன படம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. டைரக்டர் திகில் படம் என்றார். தயாரிப்பாளர் ரைஸ் மில் வைத்திருந்தவர்; அவர் காமெடிப் படம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓலை வெட்டுக்கிளியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதைப் பாத்து ஜனங்க பயப்படணுமா, சிரிக்கணுமா? ஒண்ணு சொல்லுங்க."

"மொதல்ல பயப்படுவாங்க. அப்புறம் பயந்ததை நெனச்சி சிரிப்பாங்க" என்றார் டைரக்டர்.

தயாரிப்பாளர் என் பக்கம் திரும்பி, நீ படிச்சவன், நீ சொல்லு என்றார். நான் இரண்டும்தான் என்றேன். யாருக்கும் வலிக்காத பதிலாகப் பார்த்துச் சொல்வது அப்போது என் வழக்கம். நடிகர்களும் எப்படி அலறுவது என்று என்னைத்தான் கேட்டார்கள். ஆளுக்கொரு விதமாக அலறச் சொன்னேன்.

அவர்களில் குழப்பமில்லாமல் இருந்தவர் முனுசாமி ஒருவர்தான். பக்கத்து ஊர்க் கூத்து ஜமாவில் கட்டியங்காரன், அதாவது கோமாளி. வெட்டுக்கிளிகள் தின்னப்போகும் காவல்காரன் வேஷம் அவருக்கு. கூத்தில் போடும் கூம்புக் குல்லாவோடேயே வந்து நின்றார். நல்லாயிருக்கே, அப்படியே இருக்கட்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

3. புளியமரத்தடி

முனுசாமி சாகும் காட்சி. ஒரு பெரிய புளியமரத்தடியில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட ஏற்பாடு. காலையிலேயே நான் அண்ணாந்து பார்த்துவிட்டேன். உயரக் கிளையில் மலைத்தேனீக் கூடு, முறம் அளவுக்கு. டைரக்டரிடம் சொன்னால் இடத்தை மாற்ற வேண்டும், அன்றைய வெளிச்சம் போய்விடும், என் வேலையும் போய்விடும். நான் சொல்லவில்லை.

முனுசாமியும் பார்த்திருக்கிறார். மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மேல கூடு இருக்குதே சார். புகை போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"மத்தியானத்துல அதுங்க மேய போயிருக்கும்" என்றேன்.

பெரும்பாலான மலைத்தேனீக்கள் எந்த நேரமும் கூட்டை மூடிக்கொண்டுதான் இருக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது.

"நீங்க சொன்னா சரி. ஆனா ஒண்ணு சார். நான் காப்பாத்துங்கன்னு கத்தினா யாரும் வரமாட்டாங்க. கூத்துல அது தினம் கத்தறதுதான். நெசமா ஏதாச்சும்னா குல்லாவைக் கழட்டி வீசறேன். ஆட்டம் முடியாம நாங்க குல்லாவைக் கழட்டமாட்டோம். டைரக்டர்கிட்ட சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். டைரக்டர் கேமராமேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

கேனில் அந்த ஒரு ஷாட்டுக்குத்தான் பிலிம் இருந்தது. கேமரா ஓடியது. புகை எழுந்தது. முனுசாமி ஓலை வெட்டுக்கிளிகளைத் தட்டிவிட்டபடி ஓடி வந்தார், விழுந்தார், எழுந்தார். பிறகு அவர் தட்டிய இடங்களில் ஓலை எதுவும் இல்லை. காப்பாத்துங்க, காப்பாத்துங்க என்று முகத்தை மூடிக்கொண்டு சுற்றினார். வேடிக்கை பார்க்க வந்த அவர் ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்தார். டைரக்டர் என் தோளை அழுத்தி, "பிரமாதம்யா" என்றார்.

முனுசாமி குல்லாவைக் கழற்றி என் பக்கமாக வீசினார்.

நான் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

முதலில் ஓடியது அவர் மனைவி. யாரும்மா அது, பிரேம்லருந்து போ என்று டைரக்டர் கத்திய பிறகுதான் என் வாயிலிருந்து கட் என்ற சொல் வந்தது. கம்பளியைப் போர்த்தி ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது. கருவிழியிலேயே தேனீ கொட்டியிருந்தது. குல்லா விழுந்ததற்கும் நான் கட் சொன்னதற்கும் எவ்வளவு நேரம் என்று பின்னால் எடிட்டிங் மேசையில் அளந்து பார்த்தேன். பதினெட்டு விநாடி.

4. பகல் காட்சி

திருவண்ணாமலையில் படம் வந்தபோது முனுசாமி பார்க்க வேண்டும் என்றார். நானே அழைத்துப்போனேன். அதற்குள் அவர் கூத்தை விட்டிருந்தார். தூரம் பிடிபடாமல் கூட ஆடுபவர்கள் மேல் மோதுகிறாராம்.

படத்தில் யாரும் எங்கும் பயப்படவில்லை, பெரிதாகச் சிரிக்கவும் இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் கொட்டகை அதிர்ந்தது. முனுசாமி திரையைப் பார்க்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, சிரிக்கும் ஜனங்களை ஒற்றைக் கண்ணால் வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"இதுல நான் நடிக்கவேயில்ல சார். ஆனா நல்லா வந்திருக்குது."

அது குத்தலா, வருத்தமா, ஒரு தொழில்காரர் தன் வேலைக்குப் போட்ட மதிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குல்லாவை நான் பார்த்ததை அவரிடம் சொல்ல அன்று வாயைத் திறந்தேன். இடைவேளை மணி அடித்தது. டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. கடைசிவரை சொல்லவில்லை.

அதன்பின் இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். என்னிடம் வேலைக்கு வந்த உதவி இயக்குநர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்வேன்: எதிரே இருப்பவர் நடிக்கிறாரா, நிஜமாகத் துடிக்கிறாரா என்று சந்தேகம் வந்தால் முதலில் கேமராவை நிறுத்துங்கள், பிலிம் போனால் போகட்டும். எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொள்வார்கள்.

அன்று அந்த மரத்தடியில் மற்ற யாருக்கும் சந்தேகம் வரவில்லை, நடிப்பு என்றே நினைத்தார்கள். எனக்கும் சந்தேகம் இல்லை. நான் குல்லாவைப் பார்த்திருந்தேன்.