ரேகைக்காகச் சீவிய கை

தென்னை ஏறுகிறவனுக்கு உள்ளங்கைக் காய்ப்புதான் பிடி. அதைச் சீவக் கூடாது. தெரிந்தும் சீவினேன்.

மனைவி அம்மையார்குப்பத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ரேஷன் கடை மெஷினில் நான்தான் விரல் வைக்க வேண்டும். ரேகை விழவில்லை. மரத்தில் தேய்ந்து ரேகையே போய்விட்டது. மூன்று நாள் வெறும் பையோடு திரும்பினேன். வரிசையில் நின்ற பெண் சிரித்தாள்.

"இன்னாண்ணா, கையா மரப்பட்டையா? சுடுதண்ணில ஊறவெச்சி பிளேடு போடு."

அன்று சாயங்காலம் விரல்நுனியைச் சீவினேன். அதோடு விட்டிருக்கலாம். உள்ளங்கையையும் சீவினேன். உள்ளே தோல் சிவப்பாக, குழந்தைக் கை மாதிரி இருந்தது.

மறுநாள் மெஷின் விரலை எடுத்துக்கொண்டது. அரிசியை வீட்டில் போட்டுவிட்டு கே.ஜி.கண்டிகை தோப்புக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் கீழே காய் பொறுக்க வந்திருந்தார். பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

காலில் தளைக்கயிறு மாட்டி ஏறினேன். இரண்டு மரம் எரிச்சலோடு போயிற்று. மூன்றாவது உயரம். முக்கால்வாசி ஏறியதும் இடது கை வழுக்கியது. தோல் சுருண்டு தொங்கியது. மரத்தில் ரத்தம்.

"இன்னா மாப்ள, மேலயே வீடு கட்டிகினு கீறியா?"

"கை கிழிஞ்சிபோச்சி பாவா."

"ஆங்?"

"புடி நிக்கல."

அவர் குனிந்தார். மரத்தடியில் கிடந்த காய்களை ஓரமாக உருட்டத் தொடங்கினார். எதற்கு என்று புரிந்தது. நான் விழும் இடத்தை ஒழித்துக்கொண்டிருந்தார்.

மேலே போனால் எப்போதும் தூரத்தில் தெரிகிற மலைக்கோயிலைப் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. மரத்தை மட்டும் பார்த்தேன். முழங்கைகளால் மரத்தைக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். நெஞ்சுத்தோலும் போயிற்று. வலி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

தரையில் கால் பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். பாவா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எவன்டா சீவனான்?"

"நான்தான்."

"அரிசிக்கா?"

"ஆங்."

அவர் திட்டவில்லை.

வீட்டில் உப்புத்தண்ணீரில் கழுவினேன். தொங்கின தோலை இழுக்கவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றினேன். புதுக் காய்ப்பு மஞ்சளாக வரும்வரை மரம் ஏறவில்லை.

இப்போது ரேஷனுக்கு மனைவி போகிறாள். காய்ப்பு வெடிக்காமல் இருக்கக் கைக்கு எண்ணெய், ராத்திரி மட்டும். பிடி வழுக்கக் கூடாதென்று காலையில் சீயக்காய் போட்டுக் கழுவிவிடுவேன்.

இன்றும் நான் தளை மாட்டும்போது பாவா மரத்தடியில் காய்களை ஓரம் தள்ளுகிறார். கேட்டால், கால் தடுக்கும் என்கிறார். நான் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறேன். இன்னொரு தரம் தடவிப் பார்க்கிறேன். பிறகுதான் மரத்தைத் தொடுகிறேன்.