ஜாவாவை ஒளித்துவைத்த வாரம்

என் மனைவிக்கு நான் செய்த உருப்படியான உதவி, அவளுடைய ஜாவாவை எடுத்து ஒளித்துவைத்ததுதான். அவளைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒத்துக்கொள்ளாமல் போகட்டும், எழுதுகிறவன் நான்.

அப்போது நாங்கள் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் குடியிருந்தோம். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தேன். அவள் எம்.சி.ஏ. படித்தவள். மகள் பிறந்ததும் வீட்டோடு இருந்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வேலை தேடினாள். போன இடத்திலெல்லாம், இத்தனை வருடத்தில் எல்லாம் மறந்திருக்குமே என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். வந்து அவள் அழவில்லை. ஆனால் குழம்பில் உப்பு கூடினால்கூட, "இதுவும் மறந்துடுச்சு போல" என்று சொல்லத் தொடங்கினாள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்பைப் பற்றி வாயே திறக்காமல் சாப்பிடப் பழகினேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கம்பெனி அவளை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டது. முன்பின் பார்க்காத ஒரு கணினியின் முன்னால் உட்காரவைப்பார்களாம். அதில் ஜாவா என்கிற மென்பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்களாம். அவளே தேடிப் பிடித்து, இருக்குமிடத்தைக் கணினிக்குத் தெரிவித்து, ஜாவா இருந்தால்தான் கிளம்பும் வெப் சர்வர் என்கிற புரோகிராமை ஓடவைத்துக் காட்ட வேண்டும். இதிலும் திருப்பி அனுப்பினால் இனி எங்கேயும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான்.

என் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"இதுல எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமேங்க. தெரிஞ்ச எடத்துல தேடி இன்னா பிரயோஜனம்?"

"நான் வேணா ஒளிச்சு வெக்கட்டுமா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.

ஒரு ஃபோல்டரை வெட்டி எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டுவது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஒளித்துவைத்துவிட்டுப் போவேன். எங்கள் கணினியில் தேடச் சொன்னால் திரையில் ஒரு நாய்க்குட்டி பொம்மை வந்து வாலாட்டும். அந்த நாயைக் கூப்பிடக் கூடாது, கண்ணால்தான் தேட வேண்டும் என்பது ஒப்பந்தம். மகளின் படங்களுக்குள் ஒளித்தேன். கல்யாண போட்டோக்களுக்குள் ஒளித்தேன். மதியத்துக்குள் கடைக்குப் போன் வந்துவிடும். "ஆப்டுச்சு. வேற நல்லா யோசிங்க" என்று வைத்துவிடுவாள். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

கண்டுபிடித்த பிறகு அவள் செய்வதையும் எனக்கு விளக்கியிருக்கிறாள். "ஜாவா ஹோம்னா வீடு. வீடு எங்கன்னு கேட்டா தெருவாசல் வரைக்கும் சொன்னா போதும். பாத்னா வழி. அது உள்ள அடுப்படி வரைக்கும் போவணும்." இரண்டையும் என்விரான்மென்ட் வேரியபிள் என்கிற பெட்டியில் எழுதிவிட்டு, கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலை மூடித் திரும்பத் திறக்க வேண்டும். முன்பே திறந்திருந்த ஜன்னலுக்குப் புது விலாசம் தெரியாதாம். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. புரியாத பாதியைச் சொல்லும்போது அவள் முகம் பார்க்க அழகாக இருந்தது, அதனால் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி ஆட்டம். எனக்கு மூளை தீர்ந்துபோயிருந்தது. பேசாமல் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு ஆங்கில எழுத்தில் 'பெரிய காஞ்சி' என்று பெயர் வைத்து, ஜாவாவை அதற்குள் போட்டேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள். கேலியாக என்னைப் பார்த்துக்கொண்டே விலாசத்தை எழுதினாள். சர்வர் கிளம்பவில்லை.

அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். கறுப்பு ஜன்னலை மூடித் திறந்தாள். கிளம்பவில்லை. ஒளித்துவைத்தே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"பழைய எடத்துலயே வெச்சுடட்டுமா?"

"கைய வெக்காத!"

கோபம் வந்தால்தான் என்னை நீ என்பாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்கு நெசமாவே எல்லாம் மறந்துபோச்சு. நாளைக்கு நான் போவல."

நான் எழுந்துபோய் டீ போட்டேன். டீயோடு வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

"இங்க பாருங்க. 'பெரிய'ன்னு படிச்சுட்டு அங்கயே நின்னுக்கினு, பெரியன்னா இன்னான்னு கேக்குது!"

பெயருக்கு நடுவே நான் விட்டிருந்த இடைவெளிதான் வினை. சர்வரைக் கிளப்ப அவள் கல்லூரி நாளில் எழுதிவைத்த கட்டளை, இடைவெளி வந்ததும் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோக்காரர்கள் 'பெரிய, பெரிய' என்று பாதிப் பெயரைச் சொல்லித்தான் ஆள் ஏற்றுவார்கள். மீதி ஏறுகிறவருக்குத் தெரியும். கணினி காஞ்சிபுரத்தில் பிறக்கவில்லையே. கட்டளையில் விலாசத்தின் இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள். சர்வர் கிளம்பியது. டீ ஆறிவிட்டதென்று அதற்கும் எனக்கு ஒரு திட்டு கிடைத்தது.

மறுநாள் காலை அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் ஒரு அம்மாவும் மகளும் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். பாதி அலமாரி தரையில் விரிந்து கிடந்தபோது போன் வந்தது.

"அவங்க ஒளிச்சே வெக்கலங்க. எப்பவும் இருக்கற எடத்துலயே இருந்துது. எனக்கு ஏமாத்தமா போச்சு."

"சர்வர்?"

"ஓடுச்சு. வேலை குடுத்துட்டாங்க. வூட்ல கேட்டுட்டு சொல்றேன்னு வாய் வரைக்கும் வந்துது. சொல்லல. நானே சரின்னு சொல்லிட்டேன். கோவமா?"

கோபமா? அவள் தினமும் சென்னைக்குப் போய்வர வேண்டும், மகளை நான் கிளப்ப வேண்டும், எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. அத்தனையும் தெரிந்துதான், என்னைக் கேட்காமல் சரி என்றிருக்கிறாள். என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று தோன்றியது. கண்ணீர் புடவையில் விழுந்துவிடுமே என்று அவசரமாகப் பின்னால் நகர்ந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போனார். "வேற கலர் காட்டுன்னுதானப்பா கேட்டேன். அதுக்குப் போயி அழுவறியே!"