காலையில் மட்டும் கனத்த ஸ்டியரிங்

தேவராஜின் வலது கை காலை ஏழரை மணிக்கு வேலை செய்யாது, எட்டு மணிக்குச் செய்யும். கைக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று நீங்கள் சிரிக்கலாம். மூன்று வாரமாக அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், சிரிக்காமல்.

வயது ஐம்பத்தெட்டு. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். இப்போது உப்பலில் வீடு. விடிந்ததும் மெட்ரோ பிடித்து, நகரத்தின் மறுகோடியிலிருக்கும் கொண்டாப்பூருக்குப் போய், சுபாஸ்ரீயின் காரை ஓட்டுவது வேலை. சுபாஸ்ரீ கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. கம்பெனியில் பெரிய பொறுப்பு. இந்த ஊர் டிராபிக்கில் ஓட்டுவதற்குப் பதில் நடந்தே கோயம்புத்தூர் போய்விடலாம் என்பவள்.

லாரி, ஸ்கூல் பஸ், அம்பாசிடர் என்று முப்பத்தைந்து வருஷம் தோளால் ஓட்டியவர் தேவராஜ். பழைய வண்டிகளில் சக்கரம் உருளாமல் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும். சுபாஸ்ரீயின் கார் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. நின்ற இடத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றிப் பார்த்தார். இனி உருட்டித் திருப்புகிற வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்று வாரத்துக்கு முன், சுபாஸ்ரீயின் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ராஜகோபால் யானை மாதிரி ஒரு கார் வாங்கி இவர்கள் காரை ஒட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் தூண், இந்தப் பக்கம் யானை. வண்டியை வெளியே எடுக்க, முழுக்கத் திருப்பி ஒரு முழம் முன்னே, முழுக்கத் திருப்பி ஒரு முழம் பின்னே என்று பத்துப் பன்னிரண்டு தடவை ஆட வேண்டும். கழுவுவதற்குக் குழாயடிக்கு ஒருமுறை எடுப்பார். அங்கே நிறுத்த வாட்ச்மேன் விடமாட்டான், மறுபடி உள்ளே. ஏழரைக்கு மறுபடி வெளியே. வெளியே, உள்ளே, வெளியே என்ற இந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் கை போகும். ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும், இரண்டு கையாலும் பல்லைக் கடித்துத் திருப்புவார். மெயின் ரோட்டில் சிறிது தூரம் போனதும் பழையபடி ஒற்றை விரல்.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைத்தான் திட்டியிருப்பார்கள். தேவராஜுக்கு அண்ணன் பழனிசாமியின் ஞாபகம் வந்தது. அவரும் லாரி டிரைவர். காலையில் கை மரத்துப்போகிறது என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாதம் வந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. தன் கையும் அப்படித்தான் போகப்போகிறது என்று தேவராஜ் முடிவு கட்டிவிட்டார்.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதனால் தேவராஜ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். டாக்டரிடம் போய்க் கையைக் காட்டினார், காரைப் பற்றி மூச்சு விடவில்லை. டாக்டர் அழுத்தச் சொன்னார், தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். "கை நல்லாதான் இருக்கு" என்றார். மெக்கானிக் முகமது யூசுப்பிடம் ஒரு மத்தியானம் காரைக் காட்டினார், கையைப் பற்றி மூச்சு விடவில்லை. "சும்மா ஒரு தடவை பாருங்க பாய்" என்றார். ஆம்பூர்க்காரர் யூசுப் ஓட்டிப் பார்த்து, "வண்டி நல்லாதான் இருக்குண்ணே" என்றார்.

கையும் சரி, வண்டியும் சரி. அப்படியானால் பழுது எதில்? தலையிலா? அன்று முதல் அவருக்குத் தலையைப் பற்றியும் பயம் பிடித்துக்கொண்டது.

வீட்டில் பேத்தி இருந்தாள். மகள் ஸ்ரீலேகா பிரசவத்துக்கு வந்து பெற்ற ஐந்து மாதக் குழந்தை, சாஹித்யா. தாத்தாவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டும். தேவராஜ் மூன்று வாரமாக அதைத் தூக்கவில்லை. ஒருநாள் சளி என்றார், ஒருநாள் கையில் கிரீஸ் என்றார். நடுவில் கை போய்விட்டால் குழந்தை என்ன ஆகும்? குழந்தை நீட்டிய கையைப் பார்த்தும் பாராமல் பேப்பரை விரிப்பார். பேப்பரில் ஒரு வரி ஏறாது.

இருபத்திரண்டாம் நாள் காலை, மூன்றாவது ஆட்டத்தில், ஸ்டியரிங் இறுகி வண்டி தூணை உரசப் போய் மயிரிழையில் நின்றது. இறங்கினார். ஆபீசுக்குப் பையோடு வந்து நின்ற சுபாஸ்ரீயிடம் சாவியை நீட்டினார்.

"மேடம், நமக்கு இனிமே நக்கோ, இந்த வேலை வேணாம். கை போச்சு. உங்களை ஏத்திக்கிட்டு எங்கயாச்சும் மோதிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"ஏனுங்கண்ணா, என்ன சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனையும் சொன்னார். சுபாஸ்ரீ சாவியை வாங்கிக்கொண்டாள். "சரிங்கண்ணா, மொதல்ல நீங்க உக்காருங்க. நானே வண்டிய எடுக்கறேன்" என்று உள்ளே ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். திரும்பவில்லை. எழும்பி உட்கார்ந்து மறுபடி இழுத்தாள்.

"ஐயோ, ஆட்டுக்கல்லாட்டம் இருக்குதுங்கண்ணா!"

அடுத்தவள் படுகிற பாட்டைப் பார்த்து தேவராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். "உங்களுக்கும் கனமா இருக்கா மேடம்? நெசமாவா? இன்னொரு தரம் திருப்புங்க!"

சுபாஸ்ரீ யூசுப்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். காலையில் என்னென்ன செய்தார் என்று யூசுப் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே வந்தது.

"அண்ணே, ஸ்டியரிங் தண்டுக்குள்ள ஒரு சின்னக் கம்பி இருக்கு. நீங்க திருப்பினா அது லேசா முறுக்கும். எவ்ளோ முறுக்குதுன்னு ஒரு சென்சார் பாத்து, உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது மோட்டாரை 'இவ்ளோ தள்ளு'ன்னு விரட்டும். உங்க ஒத்தை விரல் கேக்கத்தான் கேக்குது, தள்றது மோட்டாரு."

"ஹவ், சரிதான், அப்போ ஏன் காலையில மட்டும் தள்ளல?"

"நின்ன வண்டியில சக்கரம் தரையைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பணும். கோடிக்குப் போயும் விடாம அமுக்கிப் புடிக்கிறீங்க. அப்படி முப்பது தடவை பண்ணா மோட்டார் கொதிக்காதா? கருகிப் போகக்கூடாதுன்னு கம்ப்யூட்டரே அதுக்குக் கரண்ட்டைக் குறைச்சிடும். ரோட்டுல போறப்ப ஆறிடும். மத்தியானம் என்கிட்ட வந்து சாதுவா நிக்கும். காலையில கனக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அப்போ என் கை?"

"அதுக்கு நானா டாக்டரு? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னு."

"அப்புறம் என்னண்ணே? வண்டியை லேசா உருட்டிக்கிட்டே திருப்புங்க. பழைய பழக்கம்தானே."

பத்து நிமிஷம் ஆறவிட்டு சுபாஸ்ரீ திருப்பிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி திரும்பியது. சாவியைத் திரும்ப தேவராஜின் உள்ளங்கையில் வைத்தாள்.

புரிந்ததா என்றால், பாதிதான். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கையைக் கைவிட்டது என்பது வரை புரிந்தது. அன்று சாயங்காலம் உப்பல் வரும்வரை மெட்ரோ கம்பியை வலது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் சாஹித்யா பாயில் கிடந்தாள். கையை நீட்டினாள். தேவராஜ் குனிந்து அவளைத் தூக்கினார். தூக்கியவர் முகம் வெளுத்துவிட்டது.

"புஷ்பா! இங்க வா, சீக்கிரம்!"

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். குழந்தையை அவள் கையில் வைத்தார்.

"உனக்கும் கனமா இருக்கா?"

"இருக்காதா பின்ன? மூணு வாரமா நீங்க தொடவேயில்ல. புள்ள வளராம உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

தேவராஜ் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், வலது கையில்.