சிங்கப்பூரிலிருந்து ஒரு மிஸ்டு கால்

என் விசிட்டிங் கார்டில் சுற்றுலா வழிகாட்டி என்று போட்டிருக்கிறது; உண்மையில் நான் பார்ப்பது பிளக் பாயின்ட் தேடிக் கொடுக்கிற வேலை. நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை விதைக் கம்பெனிகள் இனாமாக வெளிநாடு அனுப்பும். தருமபுரிப் பக்கத்து ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது நான். ஒரு கும்பலோடு ஊர் சுற்றப்போய், எல்லோரும் ‘சார்ஜ் இல்லீங்க’ என்று உங்கள் மூஞ்சியையே பார்த்த அனுபவம் உண்டா? அப்படியென்றால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். போன சிங்கப்பூர் பயணத்துக் கதையைக் கேளுங்கள்.

பூஜை போட்ட பவர் பேங்க்

பொம்மிடியில் விதைக்கடை வைத்திருக்கிற பெருமாள் அண்ணன், பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு வரும்போதே கையில் போனும் நெஞ்சில் கவலையுமாக வந்தார். ஊரில் அவர் தக்காளி பூவெடுத்து நிற்கிறது. மோட்டாரில் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். விவசாயத்துக்குத் தினமும் சில மணி நேரம் மட்டும் வருகிற மும்முனை கரண்ட் இருக்கும்போது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். அதில் பதிந்திருப்பது அவர் நம்பர் மட்டும்தான். சம்சாரம் நம்பரைக்கூடச் சேர்க்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை வேறு. போன் செத்தால் தக்காளி செத்தது என்பார்.

அதற்காகவே பெரிய பவர் பேங்க் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததில், மேலே இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. எவ்வளவு சக்தி என்று தெரியாததை விமானத்தில் ஏற்ற முடியாது என்று சோதனை செய்த அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. அண்ணன் என் காதில் சொன்னார்: “அந்தாளுக்கு ஒன்னும் தெரியல தம்பி. பூஜை போட்ட சாமான் எங்கியாவது வெடிக்குமா?”

பாய் அறையில் பந்தி

சிங்கப்பூரில் பிளக் பாயின்ட்டுக்கு மூன்று சதுர ஓட்டை. நம் சார்ஜர் நுழையாது, அடாப்டர் கொண்டுவாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே தலையால் அடித்துக்கொண்டேன். எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஆளாளுக்கு அடுத்தவர் கொண்டுவருவார் என்று நம்பி வந்துவிட்டார்கள்.

தருமபுரி டவுனில் உரக்கடை வைத்திருக்கும் பாஷா பாய் மட்டும் ஒரு அடாப்டரும், கடையிலிருந்து கழற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுவந்திருந்தார். அவர் அறையில்தான் பெருமாள் அண்ணனும். கொஞ்ச நேரத்தில் குழு மொத்தமும் ஒயரும் கையுமாக அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. பாய் தொழுகை விரிப்பு போட இடமில்லாமல் நின்றுகொண்டு சொன்னார்: “கடைக்கு ஓசி சார்ஜ் போட வர்றவங்க தொல்ல தாங்காமதான் தம்பி நான் லீவு வுட்டுட்டு வந்ததே.”

ஏசி ஓட்டிய ரேஷன் கார்டு

அந்த ஓட்டலில் சாவி கார்டைச் சுவரில் இருக்கும் பெட்டியில் செருகினால்தான் கரண்ட். கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனால் போன் சார்ஜும் நின்றுவிடும். பெருமாள் அண்ணன் பர்சைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்துச் செருகினார். லைட் எரிந்தது. எதற்கு இதை இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். ஐடி கார்டெல்லாம் எடுத்து வரச் சொன்னது நான்தானாம். கட்டிலில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகச் சொன்னார்: “ஊர்ல இத நீட்டுனா பருப்பு இல்லேம்பாங்க. இங்க ஏசியே ஓடுது பாருங்க.”

செத்த போன்

முதல் இரண்டு நாளும் அண்ணன் நேரம் தவறாமல் ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். சார்ஜ் இறங்கிவிடும் என்று வீட்டிலிருந்து வந்த போனைக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரேஷன் கார்டை நம்பி, போனை அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்தார். நேரத்தோடு திரும்பிவிடலாம் என்றிருந்தோம். ஆனால் எங்கள் ஆட்கள் சூட்கேஸ் கடைக்குள் நுழைந்தார்கள், லேசில் வெளியே வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அறை சுத்தம் செய்த அம்மா ரேஷன் கார்டை உருவித் தலையணை மேல் மரியாதையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். போன் செத்துக் கிடந்தது. அதற்கு உயிர் வருவதற்குள் ஊரில் மும்முனை கரண்ட் போய்விட்டது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, பூவெல்லாம் உதிர்ந்துரும் தம்பி, போட்ட பாடெல்லாம் போச்சு என்றார். கண் கலங்கிவிட்டது. என் போனில் அவர் வீட்டுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

அவர் சம்சாரம் நிதானமாகச் சொன்னார்: “ஏங்க, ஸ்டார்ட்டர் பெட்டியில பச்ச பட்டன் இருக்குதில்ல, நீங்க கெளம்புனதுலேர்ந்து அத அமுக்கி தெனம் நான்தான் மோட்டார் போடறேன். ரெண்டு நாளும் போட்டுட்டு இந்தாண்ட வந்தா நின்னு நின்னு போச்சு, ஸ்டார்ட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அது நீங்கதானா? இன்னிக்குத்தான் கடசி பாத்தி வரைக்கும் தண்ணி போச்சு. வூடு வந்து சேர்ற வரைக்கும் அந்தப் போன சார்ஜ் போடாதீங்க.”

வெளிநாட்டில் ஒரு போனை உயிரோடு வைத்திருக்க நான் இத்தனை பாடுபட்டது, பொம்மிடியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தத்தான் என்று இப்போது தெரிகிறது.